திற்பரப்பில் நான் கூப்பிட்ட பெயர்

திற்பரப்பு அருவிக்கரையில் இப்போது அறிவிப்புச் செய்வதற்கு ஆள் தேவையில்லை. பதிவு செய்யப்பட்ட ஒரு பெண்குரல், தமிழிலும் மலையாளத்திலும், கால்மணி நேரத்திற்கு ஒருமுறை தானாகவே பேசுகிறது. நல்ல குரல், சொற்கள் தெளிவாக விழுகின்றன. அது குறித்து எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. ஆயினும் அந்தக் கருவியை இயக்கும் பொறுப்பில் இருக்கும் சுஜா என்னும் பெண்மணி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணே, சிவாலய ஓட்டக்காரங்கள நீங்க மைக்கில ‘கோவிந்தா’ விளிச்சு கரையேத்தினதா இஞ்ச எல்லாரும் செல்லியாவ. உள்ளதா? அதுக்காக உங்கள சர்ச்சில வேதம் வாசிக்க விடாம நிறுத்தினதும் உள்ளதா?”

இரண்டும் உண்மையே. ஆனால் அவை வாய்க்கு வாய் மாறி, நான் மதம் மாறிவிட்டதாகவும், சபை என்னைத் துரத்திவிட்டதாகவும் வளர்ந்திருப்பதை அவர் மூலம் அறிந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் எல்லையை ஒட்டிய கேரளத்துக் குளத்தூர் பஞ்சாயத்தைச் சேர்ந்தவன். எட்டாம் வகுப்புடன் படிப்பு நின்றது. எனினும் எங்கள் சபையின் பழைய ஆலயத்தில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கும் பணி இருபத்தேழாவது வயதில் எனக்குக் கிடைத்தது. ஒலிபெருக்கி இல்லாத ஆலயம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் காது மந்தமான முதியவருக்கும் கேட்கும்படி, கத்தாமல், வாசிக்க வேண்டும். எனக்கென்று நிலமோ பட்டமோ இல்லை. அந்த வாசிப்பு மேடைதான் ஊரில் எனக்கு இருந்த மதிப்பு முழுவதும். என் மனைவி ஞாயிற்றுக்கிழமை வேட்டியைச் சனிக்கிழமையே தேய்த்து வைப்பாள். அந்த மேடையை நான் இழக்க நேர்ந்தால் எனக்கு மிஞ்சுவது என்ன என்று சிந்தித்துப் பார்க்கவும் அஞ்சியிருக்கிறேன்.

அந்தக் குரலைக் கேட்ட ஒருவர்தான் என்னைத் திற்பரப்புக்குப் பரிந்துரைத்தார். அப்போது எனக்கு நாற்பது வயது. களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று பேருந்து மாறிமாறிச் சென்று காலை எட்டு மணிக்குள் அறிவிப்புக் கூண்டில் அமர வேண்டும்.

அருவியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கோதையாறு அவ்விடத்தில் ஒரே பாறையின்மேல் பரந்து வந்து விளிம்பில் சட்டென்று விழுகிறது. குற்றாலம் போல உயரமில்லை. ஆனால் அகலம் உண்டு, ஒரே நேரத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே நின்று குளிக்கலாம். கரையில் மகாதேவர் கோயில். அருகில் பழைய கல்மண்டபம் ஒன்று. அரசகுடும்பத்தார் நீராட வந்தபோது தங்கியது என்று சொல்வார்கள். சொல்பவர் எவரும் பார்த்ததில்லை என்பதால் நான் ஒருபோதும் அதை ஒலிபெருக்கியில் அறிவித்ததில்லை.

விடுமுறை நாளில் நெய்யாற்றின்கரை, காட்டாக்கடைப் பக்கத்து மலையாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். கடலில் இறங்க முடியாத நாட்களில் பொழியூர் மீனவர்கள் வேன் பிடித்து வருவார்கள். நாள் முழுவதும் தண்ணீரிலேயே வாழ்கிறவர்கள் அருவிக்கு எதற்கு வருகிறீர்கள் என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

“கடல்ல குளிச்சா பின்ன வீட்டில போயி ஒரு குளி குளிக்கணும், சாரே. இஞ்ச ஒரு குளியில காரியம் தீரும்,” என்றார்.

என் மேலாளர் பத்மநாபன் சார். படையில் செய்தித் தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எந்நேரமும் கையில் ஒரு நீளக்குடை இருக்கும். மழைக்கும் விரிக்கமாட்டார், வெயிலுக்கும் விரிக்கமாட்டார். நான் சேர்ந்த முதல் வாரம் முழுவதும் என்னைப் பேசவே விடவில்லை. மாறாக, ஒவ்வொரு நாளும் என்னை அருவியின் அடியில் நிறுத்திவிட்டு, கூண்டிலிருந்து அவர் பேசினார். நனைந்தபடி திரும்பி வந்து, என்ன கேட்டது என்று நான் சொல்ல வேண்டும். பிறகு அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பார், நான் பேசுவேன். இப்படி இருவரும் ஒரு வாரம் நனைந்து கண்டுபிடித்தது இதுதான். அருவிக்குள் நிற்பவன் காதில் குறில் எல்லாம் கரைந்துபோகிறது. நெடில் மட்டுமே போய்ச் சேருகிறது. ‘குளிப்பவர்கள் உடனடியாக வெளியேறவும்’ என்பதில் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது ‘ஆ’, ‘ஏ’ என்ற இரண்டு ஒலிகளே.

“அப்பம் அத்தன சொல்லும் எதுக்கு? ‘மேலே ஏறி வா’ போதும்,” என்றார்.

இரண்டாவது விதி இன்னும் கடுமையானது. ஆபத்து என்ற சொல்லை ஒருபோதும் உச்சரிக்கக் கூடாது. எனக்கு முன் அங்கே இருந்தவர் ஒருநாள் “தண்ணீர் வருகிறது, ஓடுங்கள்” என்று அலறிவிட்டாராம். தண்ணீர் வந்தது சிறிதளவே; ஆனால் வழுக்குப் பாறையில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடியதில் ஓர் அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதனால் பத்மநாபன் சார் வகுத்த முறை: முதலில் திசையைச் சொல்ல வேண்டும், காரணத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். பெண்கள் பகுதிக்கு முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் பிள்ளைகளையும் துணிகளையும் சேர்த்தெடுக்க நேரம் ஆகும். ஆண்கள் பகுதிக்குப் பிறகு. ஒவ்வொரு முறையும் குரல் முந்தியதைவிடத் தாழ வேண்டுமே தவிர உயரக் கூடாது. நான் பேசும்போது அவர் பின்னால் குடையை ஊன்றிக் கண்களை மூடி நிற்பார். முடிந்ததும் பாராட்டமாட்டார், பிழை இருந்தால் குடையால் தரையை ஒருமுறை தட்டுவார்.

ஆளைத் தேடும் அறிவிப்புக்கும் முறை உண்டு. காணவில்லை என்று சொல்லக் கூடாது. இன்னார் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை காட்டாக்கடையிலிருந்து வந்த ஒருவர், மனைவியைக் காணாமல் பதறி, கூண்டுக்கு ஓடி வந்தார். நான் இரண்டு மொழிகளிலும் மும்முறை அறிவித்தேன். பதில் இல்லை. அவருக்கு வாய் உலர்ந்துவிட்டது. தண்ணீர் வாங்கலாம் என்று கூண்டின் பின்புறம் போனால், அங்கே கடைப் பெஞ்சில் அமர்ந்து அந்த அம்மாள் நிதானமாக மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, இவ்வளவு நேரம் கூப்பிட்டேனே, கேக்கல்லியா?” என்றேன்.

“எல்லாம் கேட்டேன். பத்தொம்பது வருஷத்தில அந்த மனுஷன் என்னயத் தேடினது இன்னைக்காக்கும். இன்னும் ரெண்டு தடவ விளியும், கேக்கட்டு.”

இரண்டு முறை விளித்தேன். பத்மநாபன் சார் குடையைத் தட்டவில்லை.

இனி, சுஜா கேட்ட நாளுக்கு வருகிறேன்.

சிவராத்திரியை ஒட்டி எங்கள் பகுதியில் நடைபெறும் சிவாலய ஓட்டத்தை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியுடன், பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு வெறுங்காலோடு ஓடியே செல்வார்கள். ஒவ்வொரு கோயிலிலும் நீராடி, ஈரத்துணியோடு வணங்கி, அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். மூன்றாவது கோயில் திற்பரப்பு. சிவனைக் காணச் செல்கிறவர்கள் வழி முழுக்கக் கூவுவதோ திருமாலின் பெயரை. ஒருவர் ‘கோவிந்தா’ என்பார். மற்றவர்கள் ‘கோபாலா’ என்று பதில் கொடுத்து ஓடுவார்கள். இதற்குக் காரணமாக ஒரு கதை சொல்லப்படுகிறது. மனிதமுகமும் மிருக உடலும் கொண்ட சிவபக்தன் ஒருவனை வேள்விக்கு அழைத்துவர பீமன் அனுப்பப்பட்டான். சிவனன்றி வேறு பெயரைக் கேட்கப் பொறாத அந்த மிருகத்தின் முன் பீமன் “கோவிந்தா, கோபாலா” என்று கூவினான், அது சினந்து துரத்தியது, இவன் ஓடினான். பிடிபடும் நிலை வரும்போதெல்லாம் ஓர் உருத்திராக்கத்தைத் தரையில் போட்டான். அது சிவலிங்கமாயிற்று; மிருகம் வழிபட நின்றது; பீமன் மீண்டும் கூவி ஓடினான். பன்னிரண்டு உருத்திராக்கம், பன்னிரண்டு கோயில். நான் நம்பிக்கையால் வேறு வழிபாட்டைச் சேர்ந்தவன். ஆயினும் இக்கதையில் ஒன்று எனக்குப் பிடிபட்டது. அந்தப் பெயர் முதன்முதலில் உரைக்கப்பட்டது ஓடுவதற்காகவே.

பெருங்கூட்டம் திற்பரப்பை அடையும்போது இருட்டிவிடும். அந்த ஆண்டு பாறசாலையிலிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு குழு, நெரிசலுக்கு முன்னே போய்விடலாம் என்று காலையிலேயே ஓட்டத்தைத் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு அருவிக்கு வந்து இறங்கியது. அவர்களுக்குத் தலைவர் ரவி. மின்பணியாளர், எங்கள் ஊரில் என் தெருவுக்கு அடுத்த தெரு. அருவியில் அப்போது நல்ல வெயில். மலையில் மட்டும் காலையிலிருந்தே கோடைமழை.

அருவிக்குச் சற்று மேலே ஆற்றில் ஒரு தடுப்பணை உண்டு. அங்கிருந்த காவலர் தொலைபேசியில் அழைத்தார்.

“சாமுவேலே, தண்ணி சாயா நெறத்துக்கு வந்தாச்சு. சருகும் கம்பும் கூட வருது. பத்து நிமிஷம் உண்டு, அதுக்கு மேல இல்ல.”

முறைப்படி நடந்துகொண்டேன். பெண்கள் பகுதிக்கு இரண்டு மொழிகளிலும் சொன்னேன், ஏறினார்கள். ஆண்கள் பகுதிக்குச் சொன்னேன். சுற்றுலா வந்தவர்கள் ஏறினார்கள். ஓட்டக்காரர்கள் மட்டும் அசையவில்லை. குறை அவர்களிடம் இல்லை. ஒலிபெருக்கி பேசுவது சுற்றுலாக்காரர்களிடம் என்பது அவர்கள் எண்ணம். ஆண்டு முழுவதும் அது அப்படித்தான் இருந்து வந்தது. மேலும், ஓட்டக்குழு தன் தலைவர் கூவினால்தான் இடம்விட்டு நகரும். நடுவில் எவர் சொன்னாலும் நகராது. தலைவரான ரவியோ, அருவி மிகக் கனமாக விழும் உட்பகுதியில், பாறையில் முதுகைச் சாய்த்துக் கண்மூடி நின்றிருந்தார்.

“மேலே ஏறி வா” என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அருவிக்கரைக் காவலரின் விசில் இரைச்சலில் அமிழ்ந்தது. பத்மநாபன் சார் குடையோடு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, அருகில் நின்ற இருவரின் தோளைத் தட்டினார். அவர்கள் பக்தியோடு சிரித்து அவருக்கும் வழிவிட்டார்கள், அவரும் நீராட வந்ததாக எண்ணி. அவர் என் கூண்டை நோக்கித் திரும்பி இரு கைகளையும் உயர்த்தினார். விளிம்பில் வெண்மையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் ஒரு பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கியதை நான் கண்டேன்.

அந்தக் கணத்தில் நான் எதையும் ஆராயவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். ஆராய்ந்தேன். ஒலிபெருக்கியில் நான் கூவப்போவதை ஊரே கேட்கும், ஞாயிற்றுக்கிழமை மேடை எனக்கு இருக்காது என்பது முழுதாக என் கண்முன் வந்தது. ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அது. அந்த மூச்சைக் கூவுவதற்குப் பயன்படுத்தினேன்.

“கோவிந்தா...!”

இரண்டு நெடில். அருவிக்குள் அப்படியே போய்ச் சேர்ந்தது.

“கோபாலா!” என்று நாற்பது குரல்கள் பதில் கொடுத்தன. கொடுத்த அதே நொடியில் நாற்பது பேரின் உடலும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. நெரிசல் இல்லை, தள்ளல் இல்லை; ஓடிப் பழகிய வரிசையில், ஓடிப் பழகிய இடைவெளியில் ஓடினார்கள். இரண்டாவது முறை கூவினேன். பாதிப்பேர் படியில் இருந்தார்கள். மூன்றாவது முறை கூவியபோது முதல் ஆள் கல்மண்டபத்தைத் தாண்டிவிட்டார். கடைசியாக ரவி வந்தார். வந்தவர், பாறையில் வைத்த விசிறியை மறந்துவிட்டேன் என்று திரும்பிச் செல்லப் பார்த்தார்.

பத்மநாபன் சார் குடையால் அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். “விசிறி அங்ஙன கெடக்கட்டு, எலே! ஏறு!”

அவர்கள் இருவரும் படியேறி முடிப்பதற்கும் தண்ணீர் வருவதற்கும் சரியாக இருந்தது. ஆட்கள் பிடித்துக்கொண்டு குளிக்கும் இரும்புக் கம்பி கண்ணெதிரே மறைந்தது. எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை. விசிறி எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

சற்றுப் பொறுத்து ரவி கூண்டுக்கு வந்தார். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே பேசினார்.

“சாமுவேலண்ணே, உள்ள நிக்கும்ப ஒரு விளி கேட்டுது. நம்ம கூட்டத்தில இவ்வளவு நல்லா விளிக்கியது யாருடேன்னு எனக்கே பொறாமையாப் போச்சு. பாத்தா நீங்க!”

பத்மநாபன் சார் பதிவேட்டில் தொலைபேசி வந்த நேரம், அறிவிப்புத் தொடங்கிய நேரம், கடைசி ஆள் ஏறிய நேரம் ஆகியவற்றை எழுதினார். அறிவிப்பு வாசகம் என்ற இடத்தில் ‘சூழலுக்கேற்றவாறு’ என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மூணாவது விளி கொஞ்சம் ஒசந்து போச்சு. தாழ்த்தியிருக்கணும்,” என்றார். இருபது ஆண்டுகளில் அவர் என்னிடம் சொன்னவற்றுள் பாராட்டுக்கு மிக அருகில் வந்தது அதுவே.

சுற்றுலா வந்த ஒருவர் இதைக் கைப்பேசியில் படம்பிடித்திருந்தார். நான் மூன்று பேருந்து மாறி வீடு சேருவதற்குள் அந்தப் படம் எங்கள் சபையின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிட்டது. அதில் தண்ணீர் தெரியவில்லை. என் குரலும் ஓடுகிறவர்களின் கூட்டமும் மட்டுமே இருந்தன. அந்த ஞாயிறு வேதபாடத்தை வேறொருவர் வாசித்தார். அடுத்த ஞாயிறும் அவரே. என் மனைவி இரு வாரமும் வேட்டியைத் தேய்த்து வைத்தாள். நான் அதை உடுத்திக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன். வாசித்தவர் நல்லவர், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மாலை சபைக் குழு என்னை அழைத்தது. ஆலயத்தை ஒட்டிய சிற்றறையில் ஐவர் அமர்ந்திருந்தனர். செயலாளர் ஐசக் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் மதிக்கும் மனிதர். குழுவில் ஒரே பெண் செவிலியர் ஜெசி. வெளியே, கறையான் அரித்த ஜன்னல் சட்டத்தை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சுத்தியல் ஓசை விட்டுவிட்டு வந்தது.

“சாமுவேலே, உம்ம மேல இஞ்ச யாருக்கும் கோவமில்ல,” என்று ஐசக் சார் தொடங்கினார். “ஆனா அது வேதம் வாசிக்கிய வாயாக்கும்.”

“ஆமா சார். அந்த வாய்தான் ஆத்தில நின்னவியள விளிச்சுது.”

“ஏறி வான்னு விளிக்கப்பிடாதா?”

“மூணு தடவ விளிச்சேன். ரெண்டு பாஷையிலயும்.”

“பின்ன இது மட்டும் எப்படிக் கேட்டுது?” என்றார் ஜெசி.

“அது அவியளுக்குள்ள கூப்பாடாக்கும். காதில விழுந்தா கால் தன்னால போவும்.”

ஐசக் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அதெப்படித் தன்னால போவும்? மனுஷன் கேப்பான், யோசிப்பான், பின்ன எழும்புவான். நான் கேக்கியது ஒண்ணுதான். நீரு அத ஜெபமாட்டு சொன்னீரா, விளியாட்டு சொன்னீரா? ஜெபம்னா நான் உம்ம வாசிக்க விட முடியாது. விளின்னா பேச்சே இல்ல. அந்தப் படத்தில இரைச்சல். ஜெபமா விளியான்னு பிரிச்சறிய முடியல்ல. அன்னைக்கு விளிச்ச மாதிரி இஞ்ச விளியும். கேட்டுட்டுத் தீர்மானிப்போம்.”

“சார், இஞ்சயா?” என்றார் ஜெசி, திகைப்போடு.

“கேக்காம எப்படித் தீர்மானிக்கது?”

நான் எழுந்தேன். ஒரு தீர்ப்புக்காக என் குரலை எடை போடக் கொடுப்பது அதுவே முதல் முறை. ஐவரும் தலைகுனிந்து கேட்கத் தயாராயினர். மூச்சை இழுத்து, அன்று போலவே, கூவினேன்.

“கோவிந்தா...!”

“கோபாலா...!” என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

தொடர்ந்து சுத்தியல் விழும் ஓசை. ஏணி சுவரில் உரசும் ஓசை. குழுவினர் அனைவரும் ஜன்னலை நோக்கித் திரும்பினர். ஜன்னலுக்கு வெளியே, காதில் பென்சிலும் தலையில் மரத்தூளுமாகத் தச்சர் மணியன் நின்றிருந்தார். முகத்தில் அச்சமும் வெட்கமும்.

“மன்னிக்கணும் சாரே. அறியாம வந்து போச்சு. பதினெட்டு வருஷமா ஓடுதவனாக்கும்,” என்றார்.

ஐசக் சார் எழுந்து ஜன்னல் அருகே போனார். ஏணியை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“மணியா, நீ இவ்வளவு நேரமும் எங்க நின்ன?”

“மேல, சாரே. ஜன்னலுக்க தலப்பில.”

“இப்பம் எங்க நிக்கிய?”

மணியன் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“தரையில, சாரே.”

முதலில் சிரித்தது ஜெசி. பிறகு மற்ற மூவர். ஐசக் சார் நெடுநேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார்; முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கையில் வந்து அமர்ந்தார். வெளியே மணியன் தயங்கிக்கொண்டே நின்றார்.

“சாரே, இனி நான் மேல ஏறலாமா?”

“ஏறு. சாமுவேலே, அவன் ஏறி முடிக்கிய வரை நீரு வாயத் தொறக்காதயும்,” என்றார் ஐசக் சார். பிறகு குறிப்பேட்டை மூடினார். “நாளைக்குத் தொறந்தாப் போதும். எட்டு மணி ஆராதனை. வாசிப்பு உம்முடையது.”